பத்திரமா என்று கேட்டீர்கள்

அறை காலியாகத்தான் இருக்கிறது.
நான்காம் எண். சன்னலைத் திறந்தால் கேரளம்.
திறக்காதீர்கள்.
போன வாரம் ஒருவருடைய பிரஷர் மாத்திரையைக்
குரங்கு அட்டையோடு எடுத்துப்போய்விட்டது.

கோவை வழியாக வந்தால்
இ-பாஸைத் தாளில் எடுத்து வையுங்கள்.
கல்லாறு செக்போஸ்ட்டில்தான்
எல்லாருடைய போனும் செத்துப்போகும்.
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள்,
வாதாட வேண்டாம்,
வீட்டில் எவர்சில்வர் கூஜா இருந்தால் அதற்கு வேலை வந்துவிட்டது.

கூடலூரில் பஸ் மாறுங்கள்.
தேவாலாவில் மழை நின்றிருந்தால்
மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்,
குடையை மடக்காதீர்கள்.
சேரம்பாடிக்கு அப்புறம் சாலை
உங்கள் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்.
டிரைவர் குஞ்ஞாலன் பாட்டை அணைத்தால்
பஸ்ஸில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.
நீங்களும் நிறுத்துங்கள்.
வளைவில் நிற்பது என்ன என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.
அது இறங்கிப் போன பிறகு
பாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

தாளூரில் இறங்கியதும் எல்லோரும்
எல்லை எங்கே என்று கேட்பார்கள்.
பீரான் கடை வாசலில் ஒரு கல் உண்டு,
அதன்மேல் காலி சிலிண்டரை நிறுத்தியிருப்பார்.
டீ கொதிப்பது தமிழ்நாட்டில்,
உட்கார்ந்து குடிக்கிற பெஞ்சு கேரளத்தில்.
உங்கள் போன் ஒரு பகலில் எட்டு முறை வரவேற்பு சொல்லும்.
ஒன்றாம் தேதி அந்தப் பக்கத்து மதுக்கடைக்குப் பூட்டு,
அன்றைக்கு எங்கள் பக்கம் நடக்க இடமிருக்காது.
தமிழிலேயே பேசுங்கள்.
அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்வார்கள்.
புரியாமல் போனால் அது பாஷையால் இல்லை,
விலையால்.

அட்டைக்குத் துணி சோப்பு.
காலுறையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.
கடித்தால் பிய்க்காதீர்கள்,
வயிறு நிறைந்தால் தானே விழும்,
அந்த மட்டில் அது நல்ல ஜீவன்.

மூடுபனியைப் படம் எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.
கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பெண்களை எடுக்காதீர்கள்.
அவர்கள் கண் தராசு முள்ளில் இருக்கும்,
கண் எடுத்தால் அரைக் கிலோ போய்விடும்.

அப்புறம் அந்தக் கேள்வி.
குழந்தை இருக்கிறது,
பத்திரமா, பத்திரமா என்று
மூன்று முறை கேட்டீர்கள்.

பத்திரம்தான்.
நீங்கள் கதவு வைத்த வண்டியில் வருகிறீர்கள்.
ராத்திரி ஏழுக்கு நான் கேட்டைப் பூட்டிவிடுவேன்,
வெயில் ஏறாமல் திறக்கமாட்டேன்.

ஆனால் உங்கள் படுக்கையை விரிக்கப்போகிற ஞானசௌந்தரி
ஐந்தே முக்காலுக்கு
இரண்டாம் டிவிஷன் லயத்திலிருந்து நடந்து வருகிறவள்.
அதே தடத்தில்தான் ஆனி மாதம்
அவள் கொழுந்தன் பால் கேனோடு போனான்.
நெளிந்து கிடந்தது கேன்.
தட்டி நிமிர்த்தி
இப்போதும் அதில்தான் பால் போகிறது.
விளக்குப் போடுகிறோம் என்று கம்பம் நட்டார்கள்.
கம்பம் நிற்கிறது.

வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.
பொங்கல் நன்றாக இருக்கும்,
சூரியன் உதிப்பது தெரியும் என்பேன்.
நீங்கள் மூன்று முறை கேட்டதில்
நாக்கு வழுக்கிவிட்டது.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வாருங்கள்.
அட்வான்ஸ் ஐந்நூறு அனுப்பினால் போதும்.
அப்படியே கூடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே
ஒரு டார்ச் லைட் வாங்கி வர முடியுமா,
மூன்று கட்டை போடுகிற நீள மாதிரி.
இங்கே கிடைப்பதெல்லாம்
காலடிக்கு மட்டும் காட்டுகிறது.
வளைவு வரைக்கும் போக வேண்டும் வெளிச்சம்.

வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.